நினைவுக்கு எழுதிவைத்த பங்கு



நினைவுப் பேருரை ஒன்றுக்காக நாம் கூடியிருக்கிறோம். இப்படி ஒரு கூட்டம் நடக்க மண்டபத்துக்கு வாடகை கட்ட வேண்டும். அழைப்பிதழ் அச்சாக வேண்டும். உரை நூலாகி வர வேண்டுமானால் தாளுக்கும் அச்சுக்கும் பணம் வேண்டும். நம்மைப் போன்ற அமைப்புகளில் அந்தப் பணம் உறுப்பினர்களின் மாதச் சம்பளத்திலிருந்து வருகிறது. திரளாத ஆண்டில் கூட்டம் தள்ளிப்போகிறது. நினைவும் அதனோடு சேர்ந்து தள்ளிப்போகிறது. நினைவுகூரும் விருப்பம் மட்டும் நினைவைக் காப்பதில்லை என்பது இந்த அனுபவம் நமக்குச் சொல்லும் பாடம்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், போர்க்களத்தில் மாண்ட, களத்திலிருந்து திரும்பிவந்த நம் படைவீரர்களின் நினைவுக்காகச் சொத்தில் ஒரு பங்கை உயிலில் எழுதிவைப்பது. தலித் இலக்கிய மேடைக்கு இது பொருந்தாத பொருளாகச் சிலருக்குத் தோன்றலாம். உயில் என்பது சொத்துள்ளவர்கள் விஷயம், படைவீரர் நினைவு என்பது அரசின் விஷயம் என்று நாம் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தால் நாம் இழந்தது என்ன என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

1. நடுகல்லும் உதிரப்பட்டியும்

போரில் மாண்டவருக்குக் கல் நடுவது தமிழ் நிலத்தின் பழைய வழக்கம். செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் கால நடுகற்கள் அதற்குச் சான்று. எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தத் தலைவனின் சேவகன், எந்தத் தொறுப்பூசலில் பட்டான் என்று அவை சொல்கின்றன. எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் கல்லிலேயே எழுதப்பட்டிருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல் அது.

கல் நட்டதோடு முடிந்துவிடவில்லை. பட்டவனின் குடும்பத்துக்கு நிலம் விடும் வழக்கமும் இருந்தது. உதிரப்பட்டி என்று அந்த நிலத்துக்குப் பெயர். சிந்திய உதிரத்துக்கு ஈடாகக் கொடுத்த நிலம். கல்லுக்குப் பூவும் விளக்கும் வைக்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சோறு வேண்டும். சோற்றுக்கு நிலம் வேண்டும். இந்தச் சங்கிலியை அன்றைய ஊர்கள் அறிந்திருந்தன. நிலம் கைமாறிய இடங்களில் கல் வயல்வரப்புக்குப் போனது, துணி துவைக்கும் கல்லானது. ஆய்வாளர்கள் அவற்றைத் தேடிக் கண்டெடுக்க வேண்டியதாயிற்று.

நிலம் வைத்திருக்கும் உரிமையே மறுக்கப்பட்ட மக்களுக்கு இந்தச் சங்கிலியில் இடம் எங்கே இருந்திருக்கும் என்பதையும் இங்கேயே கேட்டுவைப்போம்.

2. கோரேகான் தூணும் அதன் நிலமும்

நாம் எல்லோரும் அறிந்த ஒரு நினைவுச்சின்னத்தை எடுத்துக்கொள்வோம். 1818 ஜனவரி 1 அன்று, பீமா ஆற்றங்கரையிலுள்ள கோரேகான் ஊரில், கேப்டன் ஸ்டான்டன் தலைமையில் சுமார் 800 பேர் கொண்ட கம்பெனிப் படை, பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் பெரும்படையை நாள் முழுக்க எதிர்த்து நின்றது. பம்பாய்க் காலாட்படையின் அந்தப் பிரிவில் மகர் சிப்பாய்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். சென்னைப் பீரங்கிப்படையின் சிறு பிரிவு ஒன்றும் அங்கே போரிட்டது. இரவில் பேஷ்வாவின் படை பின்வாங்கியது. அதே ஆண்டில் பேஷ்வா ஆட்சியும் முடிந்தது.

கம்பெனி அங்கே எழுப்பிய தூணில் மாண்டவர்களாக 49 பெயர்கள் உள்ளன. அவற்றில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிபவை. மகர்களின் பெயர்களில் வரும் விகுதி அது. பேஷ்வா ஆட்சியில் தீண்டாமையின் கொடுமைகளை அனுபவித்த ஒரு சமூகத்தின் பெயர்கள், மராத்தியர், ராஜபுத்திரர், முஸ்லிம் பெயர்களோடு ஒரே கல்லில், ஒரே அளவு எழுத்தில் பொறிக்கப்பட்டன. இந்தப் பெயர்ப்பட்டியல்தான் 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கரை அந்தத் தூணின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. 1941-இல் உருவான மகர் ரெஜிமெண்டின் சின்னத்திலும் முதலில் அந்தத் தூண்தான் இருந்தது.

தூணைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். தூணுக்குப் பின்னாலிருந்த ஏற்பாட்டைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. போரில் காயம்பட்டுப் பிழைத்த கண்டோஜி என்ற படைவீரர் 1824-இல் தூணின் காப்பாளராக நியமிக்கப்பட்டார். பராமரிப்புக்காக அவருக்கு நிலம் வழங்கப்பட்டது. பொறுப்பு வழிவழியாக அவர் குடும்பத்தில் தொடர்ந்தது. கம்பெனிக்குத் தன் வெற்றியைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு ஒரு கல்லும், அந்தக் கல்லுக்கு ஒரு காவலரும், அந்தக் காவலருக்கு ஒரு நிலமும் தேவை என்று கணக்குப் போட்டது. கம்பெனி தன் பெருமைக்காக எழுதிய பட்டியலில் நம் பெயர்களும் இருந்ததால் அவை தப்பிப் பிழைத்தன. நாம் அவற்றைக் காக்கவில்லை. காப்பதற்கு அன்று நம்மிடம் நிலம் இல்லை.

பிறர் காத்த நினைவு பிறர் விதித்த எல்லைக்குள்தான் நிற்கும். தூணில் 22 பெயர்களைப் பொறித்த அதே பிரிட்டிஷ் ஆட்சி, 1890களின் தொடக்கத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. 'போர்க்குடிகள்' என்றொரு கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டு, முதலில் சென்னைப் படைக்கும் பிறகு இந்தியப் படை முழுமைக்கும் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியச் சிப்பாய்களைத் தரம் தாழ்ந்தவர்கள் என்று கருதினார். சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் குறைக்கப்பட்டன. நீண்ட காலம் கம்பெனிப் படையில் உழைத்த பறையர் குடும்பங்களுக்கும் அந்த வாசல் சுருங்கியது. ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் 1894-இல் விண்ணப்பம் எழுதினார். 1910-இல் சிவராம் ஜான்பா காம்பளே எழுதினார். எங்கள் முன்னோர் உங்களுக்காகப் போரிட்டார்கள் என்று சொல்லி வாசலைத் தட்ட வேண்டியிருந்தது. தூண் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தது.

தூணைச் சுற்றியுள்ள நிலம் இன்று வழக்குகளுக்கு உள்ளாகியிருக்கிறது. 2018 ஜனவரி 1 அன்று இருநூறாவது ஆண்டுக்காகக் கூடியவர்கள் மீது வன்முறை ஏவப்பட்டது. அதைத் தொடர்ந்து போடப்பட்ட வழக்கில் எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும் சிறைக்குப் போனார்கள். திருச்சியில் பிறந்து ஜார்கண்டின் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, அந்த வழக்கின் கைதியாகவே 2021 ஜூலை 5 அன்று இறந்தார். நினைவுகூர்வது ஆபத்தில்லாத சடங்கு என்று இனி யாரும் நம்மிடம் சொல்ல முடியாது.

3. எண்ணாகிப் போனவர்கள்

கோரேகானிலாவது பெயர்கள் இருக்கின்றன. நூறாண்டு கழித்து நடந்த முதல் உலகப்போரில் என்ன ஆயிற்று?

1917-இல் பிரிட்டிஷ் பேரரசு போர்க்கல்லறைகளுக்கென்று ஓர் ஆணையத்தை அமைத்தது. அதிகாரி என்றும் சாதாரணச் சிப்பாய் என்றும் வேறுபாடு இல்லை, இனமோ மதமோ பார்ப்பதில்லை, மாண்ட ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு என்பது அதன் கொள்கை. பிரான்சில் நூவ் சப்பெல் என்னுமிடத்தில் 1927-இல் திறக்கப்பட்ட இந்தியர் நினைவுச்சின்னத்தில் 4,700-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டன. ஐரோப்பியர் கண்ணில் படும் இடத்தில் கொள்கை காப்பாற்றப்பட்டது.

ஈராக்கின் பாஸ்ரா நினைவுச்சின்னத்துக்குப் போவோம். மெசபடோமியப் போர்முனையில் மாண்ட 40,000-க்கும் மேற்பட்டோருக்கானது அது. பெரும்பகுதியினர் இந்தியர்கள். பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவின் பெயருக்குக் கீழே எத்தனை பேர் என்ற எண்ணிக்கையாக மட்டும் நின்றார்கள். சென்னைச் சாப்பர்கள் போரிட்ட களம் அது. பதுங்குகுழி வெட்டவும் பாலம் கட்டவும் சென்ற அந்தப் பிரிவுகளில் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து போனவர்கள் ஏராளம். எடுத்தனூரில் ஒரு நாயின் பெயர் கல்லில் எழுதப்பட்டது. பாஸ்ராவில் மனிதர்கள் எண்ணாகிப் போனார்கள்.

அதே ஆணையம் 2021-இல் தன் சொந்த வரலாற்றை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், மேலும் குறைந்தது 1,16,000 பேரும், ஒருவேளை 3,50,000 பேர் வரையிலும், பெயரின்றியோ நினைவுச்சின்னமே இன்றியோ விடப்பட்டார்கள் என்றும் அது ஒப்புக்கொண்டது. இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும் அவர்கள். இனவெறியும் பேரரசு மனப்பான்மையும் காரணம் என்று சொல்லி ஆணையம் மன்னிப்புக் கேட்டது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நிலைமை ஓரளவு மாறியது. மியான்மரின் தாவ்க்கியான் கல்லறைத்தோட்டத்திலுள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்தில் சுமார் 27,000 பெயர்கள் உள்ளன. பெரும்பாலும் இந்தியப் படையினர். பெயர் பொறிக்க முடியாமல் இல்லை, முன்பு மனம் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. சென்னை நந்தம்பாக்கத்தில் 1952-இல் அமைக்கப்பட்ட போர்க்கல்லறைத் தோட்டத்தை மாணவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். புல் வெட்டப்பட்டிருக்கும், கல் துடைக்கப்பட்டிருக்கும். அங்கே உள்ள ஒழுங்குக்குப் பின்னால் ஒரு நிரந்தர நிதி ஏற்பாடு இருக்கிறது. ஆறு நாடுகளின் அரசுகள் அதற்குப் பணம் தருகின்றன. அந்த ஆறில் இந்தியாவும் ஒன்று.

அந்தத் தோட்டத்திலிருந்து வெளியே வந்து நம் ஊர்ச் சேரிக்குப் போனால், பர்மா போய்த் திரும்பாதவரைப் பற்றி ஒரு மூதாட்டி வாய்மொழியாகச் சொல்வதைக் கேட்க முடியும். அவரோடு அந்தப் பெயரும் போய்விடும்.

4. எழுதிவைப்பவர்களின் நாடு

பிரிட்டனில் சாதாரண மக்களும் உயில் எழுதும்போது படைவீரர் நலச் சங்கத்துக்கோ நினைவுச்சின்னப் பராமரிப்புக்கோ ஒரு தொகையை எழுதிவைப்பது வழக்கமாகியிருக்கிறது. அங்குள்ள அறநிறுவனங்களின் வருவாயில் இப்படி வரும் பங்கு பெரியது. அரசும் சட்டத்தால் அதற்கு வழிவிட்டிருக்கிறது. அறநிறுவனத்துக்குப் போகும் சொத்துக்கு வாரிசுரிமை வரி கிடையாது. வரிக்கு உட்படும் சொத்தில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ அறப்பணிக்கு எழுதிவைத்தால், மிச்சச் சொத்தின் மீதான வரி 40 விழுக்காட்டிலிருந்து 36 விழுக்காடாகக் குறைகிறது. ஒரு நாடு தன் இறந்தவர்களை எப்படி மறக்காமல் இருக்கிறது என்பதற்கான விடை, பாதி அந்தச் சட்டப் பிரிவில் இருக்கிறது.

நம் நாட்டில் 1949 முதல் டிசம்பர் 7 கொடி நாளாக இருக்கிறது. பள்ளியில் சட்டைப்பையில் சின்னக் கொடி குத்திக்கொண்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். மாவட்ட ஆட்சியர் மூலம் திரளும் அந்த நிதி முன்னாள் படைவீரர் குடும்பங்களின் நலனுக்குப் போகிறது. அது தேவையான பணி. அதனை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எந்த ஊரில் எந்தத் தெருவிலிருந்து யார் போனார்கள், திரும்பியவரை ஊர் எப்படி நடத்தியது என்று கேட்பது அந்த நிதியின் வேலை இல்லை.

அதைக் கேட்டாக வேண்டிய காலம் போய்விடவில்லை. 2016-இல் காஷ்மீரின் பாம்பூர் தாக்குதலில் மத்திய ரிசர்வ் காவல்படை வீரர் ஒருவர் கொல்லப்பட்டார். உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத் மாவட்டத்தில் அவருடைய சொந்த ஊரின் ஆதிக்கச் சாதியினர், அவர் உடலைப் பொது நிலத்தில் எரிக்க எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர் பிறந்த சாதிதான் காரணம். அதிகாரிகள் வந்து பேசிய பிறகே இடம் கிடைத்தது. தேசியக்கொடி போர்த்திய உடலுக்கே இந்த நிலை. நினைவை ஊரின் பொறுப்பில் விட முடியாது என்பதற்கு வேறென்ன சொல்ல வேண்டும்?

5. இரண்டு ஐயங்கள்

நம் இளம் தோழர்கள் எழுப்பும் முதல் ஐயம் நியாயமானது. ஏகாதிபத்தியத்தின் படையில் கூலிக்குப் போனவர்களை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? நாம் போரைப் புகழவில்லை. யார் பக்கம் நின்றார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் படைக்குப் போனவர்களுக்குக் கிடைத்தது என்ன என்று பாருங்கள்: மாதச் சம்பளம், காலணி, சீருடை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தார். படைப்பள்ளியில் ஆசிரியராக இருந்தார். மோவ் படைமுகாமில்தான் அம்பேத்கர் பிறந்தார். ஊர் கொடுக்க மறுத்ததை ஒரு தலைமுறை படைமுகாமில் தேடிப் பெற்றது. அந்த வரலாற்றை அதன் எல்லா முரண்களோடும் எழுதுவதுதான் நினைவுகூர்வது. எழுதாமல் விட்டால், வேறு யாரோ அவர்களை வெறும் கூலிப்படை என்றோ வெறும் தேசபக்தர் என்றோ எழுதுவார்கள். இரண்டிலும் சாதி காணாமல் போகும்.

இரண்டாவது ஐயம் பணம் பற்றியது. பிள்ளைகளுக்கே போதாதபோது நினைவுக்கு எங்கே எழுதுவது? நம்மில் பலர் முதல் தலைமுறைச் சொத்துக்காரர்கள். ஒரு வீடு, ஒரு வைப்புநிதி, ஓய்வூதியப் பலன். அதைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்கச் சொல்லவில்லை. நூற்றில் ஒரு பங்கு என்பதும் பங்குதான். அப்படி இருபது பேர் எழுதிவைத்தால், ஒரு மாவட்டத்தின் படைவீரர் பெயர்களைத் தொகுத்து அச்சிடும் வேலையைத் தொடங்கிவிட முடியும்.

6. எழுதும் முறை

உயில் எழுதுவது நாம் நினைப்பதைவிட எளிது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, எழுதுபவர் கையொப்பமிட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு கட்டாயமில்லை, பதிந்தால் பின்னால் தகராறு குறையும். பயன்பெறும் யாரையும் சாட்சியாக வைக்காமல் இருப்பது நல்லது. நிறைவேற்றுநராக ஒருவரை, முடிந்தால் எழுதுபவரைவிட இளையவரை, பெயர் சொல்லி நியமிக்க வேண்டும்.

மதத்தையொட்டிச் சில வேறுபாடுகள் உண்டு. இஸ்லாமியர் கடனும் ஈமச்செலவும் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கு வரை உயிலால் எழுதிவைக்கலாம். கிறிஸ்தவர்களுக்கு ஒரு பழைய தடை இருந்தது. நெருங்கிய உறவினர் உள்ள ஒருவர் அறப்பணிக்குச் சொத்து எழுதினால், இறப்புக்கு ஓராண்டுக்கு முன்பே எழுதி, ஆறு மாதத்துக்குள் உரிய இடத்தில் ஒப்படைத்திருக்க வேண்டும் என்றது 118-ஆம் பிரிவு. 2003-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. தலித் கிறிஸ்தவக் குடும்பங்களில் இதை அறியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொல்லுங்கள்.

எழுதும் வாசகத்தில் மூன்று தெளிவு வேண்டும். முதலாவது, யாருக்கு. பதிவு பெற்ற அறக்கட்டளைக்கோ சங்கத்துக்கோ அதன் சரியான பெயரில் எழுத வேண்டும். அது கலைந்துபோனால் பணம் எங்கே போக வேண்டும் என்றும் எழுத வேண்டும். 'சமுதாயத்துக்கு' என்று பொதுவாக எழுதினால் யார் கைக்கும் போகாது, அல்லது வலுத்தவர் கைக்குப் போகும். இரண்டாவது, எதற்கு. பெயர்களையும் பணி ஆவணங்களையும் விதவைகளின் வாய்மொழியையும் தொகுக்கவா, ஊரில் பெயர்ப்பலகை வைக்கவா, படைவீரர் குடும்பத்து மாணவர் ஒருவருக்கு உதவித்தொகை தரவா என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது, முதல் செலவாக வேண்டுமா, வட்டி மட்டுமா என்பது. நம் பல்கலைக்கழகங்களின் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் வட்டியில்தான் நடக்கின்றன. முப்பது ஆண்டுக்கு முன் வைத்த முதலின் வட்டி இன்று பேச்சாளரின் பயணச் செலவுக்கும் போதாத கதை பேராசிரியர்களுக்குத் தெரியும். ஆகவே வட்டியில் ஒரு பகுதியை முதலோடு சேர்க்க வேண்டும் என்ற வரியையும் எழுதிவைக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதினால் போதுமா? பஞ்சமி நிலத்தின் வரலாறு போதாது என்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பிறருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை தெளிவாக எழுதப்பட்டிருந்தது. நிபந்தனை பதிவேட்டில் இருந்தது, நிலம் பிறர் கைக்குப் போனது. கேட்க ஆளும் அமைப்பும் இல்லாத இடத்தில் எழுத்து தானாகக் காவல் நிற்காது. 1994-இல் காரணையில் பஞ்சமி நிலத்துக்காகப் போராடி உயிர்விட்ட ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோரை நாம் அறிவோம். எழுதிவைப்பவர் ஒருவர் என்றால், ஆண்டுதோறும் கணக்குக் கேட்பவர்கள் பலர் வேண்டும். அந்தக் கணக்குக் கேட்கும் வேலை இந்த அவையிலுள்ள மாணவர்களுடையது.

கோரேகான் தூணில் உள்ள 22 பெயர்களைக் கம்பெனி தன் தேவைக்காகக் காத்தது. பாஸ்ராவில் தேவை இல்லாதபோது எண்களாக்கியது. இரண்டு இடத்திலும் முடிவு நம்முடையதாக இல்லை. இன்று நம்மிடம் கொஞ்சம் சம்பளம் இருக்கிறது, கொஞ்சம் நிலம் இருக்கிறது, எழுதத் தெரிந்த கை இருக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, உங்கள் தெருவிலிருந்து படைக்குப் போனவர்களின் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பெட்டியில் பழைய பணிச்சான்றோ பதக்கமோ இருந்தால் படமெடுத்து வையுங்கள். சொத்து உள்ளவர்கள் இந்த ஆண்டுக்குள் உயில் எழுதி, அந்த நோட்டுக்கும் அதில் ஒரு பங்கு வையுங்கள். நம் இறந்தவர்களுக்கு நாமே வாரிசு.